எழுபத்தொரு வீதக்காரிகள்

1

வேலையில் சேர்ந்து பத்து வருடம் ஆனதற்கு எனக்கு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வீட்டில் என் பிறந்தநாளையே கைத்தொலைபேசி சொல்லித்தான் கண்டுபிடிக்கிறார்கள். அலுவலகத்துக்கு இதெல்லாம் கணினியில் தானாக வந்து நிற்கும். பாராட்டுப் பத்திரத்தில் வழக்கம்போல என் அப்பாவின் பெயரைத்தான் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். பத்து வருடமாக மெல்பேணில் வேலை பார்ப்பது என் தகப்பனார். நான் அவருக்குப் பதிலாகப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறேன். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு பஞ்சியில், அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. கேக்கில் முட்டை. வேண்டாம் என்றேன். பக்கத்தில் நின்ற ஹெலனும் வேண்டாம் என்றாள். ஹெலன் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், நல்ல மனுசி. வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு இரண்டு நாள் பட்டினி கிடக்கிற உணவுமுறை ஒன்றைப் பிடித்திருக்கிறாளாம். பட்டினி நாளில் இரவு ஒரு கோப்பை சூப் மட்டும்தானாம். எல்லோரும் அவளுடைய மனவுறுதியை மெச்சினார்கள். எவ்வளவு இளைத்தாய், களைப்பு இல்லையா என்று விசாரணை வேறு. என்னிடம் ஒருவர் ஏன் வேண்டாம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை விரதம் என்றேன். "ஓ, சமயம்" என்று தலையாட்டிவிட்டு, நோயாளியைப் பார்க்க வந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தார்.

இரண்டு பேரும் வேண்டாம் என்றது ஒரே கேக்கைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் யாராவது கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று அண்ணா முடித்துவிடுகிறார். அதை நம்பிக் கலியாண வீட்டில் லப்டொப்பைத் திருத்தச் சொல்லி என் மடியில் வைத்தவர்களும் உண்டு.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு நூற்றுக்கணக்கான ஆட்களிடம் இரத்தம் எடுத்து, நிறை பார்த்து, கேள்வி கேட்டு எழுதுவார்கள். அவ்வளவும் இலக்கமாக என்னிடம் வரும். அதைப் புள்ளிவிபர மென்பொருளில் போட்டு, துப்புரவாக்கி, எது உண்மையான வித்தியாசம், எது தற்செயல் என்று பிரித்துச் சொல்வது என் தொழில். மென்பொருள் சொன்னதைச் செய்யும். 'இந்த அளவுக்குக் குறைந்தவர்களை நீக்கு' என்று ஒரு வரி எழுதினால் கண் வெட்டுகிற நேரத்தில் நீக்கிவிட்டு, எத்தனை பேரை நீக்கினேன் என்றும் மரியாதையாகச் சொல்லும். ஏன் நீக்கினாய் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கேக் வெட்டிய அந்த வாரம் என் மேசையில் இருந்தது கொழும்புத் தரவு. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஒரு புதுக் குளிசை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, கல்கிசை என்று நான்கு கிளினிக்குகள். திட்டம் எழுதிய காலத்தில் நான் வேறொரு ஆய்வில் இருந்தேன். தரவு எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் இது என்னிடம் வந்தது. கொட்டாஞ்சேனை என்ற சொல்லை அலுவலகக் கணினித் திரையில் கண்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு புளுகம், ஒரு சந்தோசம். நான் பிறந்து வளர்ந்த இடமல்லவா.

விதி இதுதான். நாளுக்கு ஒரு குளிசை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. மாதம் முடிய மிச்சக் குளிசையோடு போத்தலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மிச்சத்தை எண்ணிப் பார்த்து, நூற்றுக்கு எண்பது வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர் என்றால் 'ஒழுங்காக மருந்து எடுக்காதவர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒழுங்கில்லாதவர்கள் கூடின கிளினிக்குக்கு இரண்டாம் கட்டத்தில் இடமில்லை. இரண்டாம் கட்டம் என்றால் கண், சிறுநீரகம், கால் எல்லாவற்றையும் வருடக்கணக்காக இலவசமாகப் பார்ப்பார்கள். கொழும்பில் சீனி வருத்தத்தோடு இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஒரு வரியை ஓடவிட்டேன். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் விழுந்தன. அதிலும் விழுந்தவர்களில் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள்.

ஒரு நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைப்பானேன்? சும்மா கொடுத்த மருந்தையே ஒழுங்காக விழுங்கத் தெரியாத சனம் என்று எனக்கே ஒரு கோபம். பிறகுதான், எண்ணிக்கையை விட்டுவிட்டுப் படத்தைக் கீறிப் பார்த்தேன். யார் எத்தனை வீதம் எடுத்தார் என்று வரிசையாகப் போட்டால், மறதிக்காரர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்க வேண்டும். மறதிக்கு ஒழுங்கு கிடையாது. இங்கே எழுபத்தொன்றில் ஒரு குன்று எழும்பி நின்றது. எண்பத்தாறில் இன்னொரு குன்று. நடுவில் பள்ளம்.

எழுபத்தொன்று என்றால் ஏழுக்கு ஐந்து. எண்பத்தாறு என்றால் ஏழுக்கு ஆறு.

நான் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடி வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் விரதம், அம்மா அடுப்புப் பற்ற வைப்பது மத்தியானத்துக்குமேல்தான். கீழ்வீட்டு மேரி அக்கா அந்த நாட்களில் மீன் பொரிப்பதென்றால் யன்னலைச் சாத்திவிட்டுப் பொரிப்பா. தவக்காலத்தில் அவர்களுக்கு ஒருசந்தி என்றால் நாங்களும் இறைச்சி வாங்குவதைத் தள்ளிப்போடுவோம். ஒரு படிக்கட்டைப் பாவிக்கிற ஆட்களுக்கு யார் எப்போது சாப்பிடுவதில்லை என்பது மனப்பாடம். அதை மெல்பேணில் ஒரு மென்பொருள் படமாகக் கீறிக் காட்டுகிறது, நான் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறேன்.

3

ஊகத்தை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போக முடியாது. வெள்ளவத்தையில் இருக்கும் பவானி மச்சாளுக்குப் போன் எடுத்தேன். மச்சாள் என் அண்ணாவின் மனைவி. அவவுக்கும் சீனி வருத்தம், ஆனால் இந்த ஆய்வில் இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு பிரைவேட் டொக்டரிடம் காட்டுகிறா. அதனால் கேட்பதில் தப்பில்லை. செவ்வாய், வெள்ளியில் குளிசை போடுகிறீர்களா என்று நேராகக் கேட்டேன்.

"இல்லையே. விரதமெல்லோ."

"அப்ப டொக்டர் சொன்னது?"

"டொக்டர் சொன்னபடிதான் செய்யிறன். காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ, வெறுவயித்தில போடாதையுங்கோ எண்டு சொன்னவர். காலமை சாப்பிடாட்டி எப்பிடிப் போடுறது? நீர் படிச்சனீர், நீரே சொல்லும்."

மத்தியானம் கோயிலால் வந்து சாப்பிட்ட பிறகு போடலாமே என்றேன். அது காலைச் சாப்பாடு இல்லையே என்றா. டொக்டர் பிறகு கேட்டதில்லையா என்றால், குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம், இவவும் ஓம் என்று சொல்லுவாவாம். அதில் பொய் என்று எதைச் சொல்வது? மச்சாள் தன் கணக்கில் ஒழுங்காகத்தான் போடுகிறா. விரத நாளில் போடாமல் விடுவதும் அந்த ஒழுங்குக்குள்தான் அடங்கும்.

அவர்களுடைய ஒழுங்கையில், அதே சின்னத் தெருவில் இருக்கும் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் வெள்ளவத்தைக் கிளினிக்கில் இந்தக் குளிசையை எடுக்கிறாவாம். அவவும் அப்படித்தானா, கேட்டுச் சொல்லவா என்று மச்சாள் ஆர்வமாகத் தொடங்கினா. ஐயோ வேண்டாம் என்று மறித்தேன். ஆய்வில் இருக்கிற ஒருவரை இப்படிப் பின்கதவால் விசாரிக்கக் கூடாது. அது அடிப்படை. மச்சாளுக்கு அது விளங்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்பதற்கு யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டா.

நான் போனை வைத்ததும் மகள் ஆரணி அறையால் வந்தாள். பல்கலைக்கழகம் போகிறவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மச்சாளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் கொழும்பு அன்ரி. கதையைச் சொன்னதும், ஓ, அது ஹெலன் செய்கிற பட்டினி மாதிரியா என்று கேட்டாள். சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் என்னோடு மரக்கறி சாப்பிட்டவள்தான். எப்போது அது அவளுடைய தட்டிலிருந்து போனது என்று எனக்கே தெரியாது. ஆனால் அடுத்து அவள் அரைகுறைத் தமிழில் கேட்டது என்னை நிறுத்தியது.

"அம்மா, அவங்க ஏன் அதைச் சொல்லேல்ல?"

வெள்ளிக்கிழமை விரதம் என்பது அவர்களுக்குச் செய்தி இல்லை பிள்ளை என்றேன். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று நீ யாருக்காவது சொல்வாயா? அவள் யோசித்துவிட்டு, அப்படியென்றால் கேட்கிறவர்தான் கேட்டிருக்க வேண்டும் என்றாள். என் பிள்ளை தமிழை விட்டிருக்கலாம், மூளையை விடவில்லை.

4

கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டேன். குன்றைக் காட்டினேன். ஏழுக்கு ஐந்து என்று சொன்னேன். செவ்வாய், வெள்ளி என்று சொன்னேன்.

ஹெலன் நிதானமாகக் கேட்டாள். பிறகு நிதானமாக மறுத்தாள். எண்பது வீதம் என்ற விதி தரவு வருவதற்கு முன்பே எழுதி வைத்தது. தரவைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால் நாளைக்கு யாரும் எங்களை நம்ப மாட்டார்கள் என்றாள். அவள் சொன்னது சரி. விளையாட்டு நடக்கிறபோது கோட்டை அழித்துக் கீறுகிற ஆட்களை எனக்கும் பிடிக்காது. விதியை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்தப் பெண்களிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள், அதற்குமுன் இவர்களை ஒழுங்கில்லாதவர்கள் என்று எழுதாதீர்கள், கிளினிக்கை வெட்டாதீர்கள் என்றுதான் கேட்டேன்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். இது என் சொந்த ஊர், என் சொந்தச் சனம். நான் இந்தத் தரவுக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிறேனோ என்று தனக்கு யோசனையாக இருக்கிறதாம். மிக மென்மையாகத்தான் சொன்னாள். காதுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினதுபோல எனக்கு இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது வேறொன்று. சண்டைக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்து வைக்க வேண்டும். தேடுதல் வந்தால் பதிவும் ஆட்களும் ஒத்துவர வேண்டும். ஊரிலிருந்து ஒரு மாமா வந்து தங்கினால் அம்மாவுக்கு நித்திரை இல்லை. எங்களை அப்போது எண்ணியது, யார் கூடுதலாக இருக்கிறார் என்று பிடிப்பதற்கு. இப்போதுதான் முதல்முறையாக, எங்கள் பெண்களின் கண்ணும் காலும் நன்றாக இருக்க வேண்டுமென்று யாரோ எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்தும் இவர்களை வெளியே தள்ள நான் கைகட்டி இருப்பதா? இருக்க மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஹெலனுக்கு மூட்டு நோவு உண்டு, அதற்குக் குளிசை எடுக்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டினி நாட்களில் அந்தக் குளிசையை என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

எடுப்பதில்லை என்றாள். வெறுவயிற்றில் எடுத்தால் வயிறு எரியும், சாப்பாட்டோடு எடுக்கும்படி பெட்டியிலேயே எழுதியிருக்கிறது என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை.

அப்படியென்றால் நீயும் எழுபத்தொரு வீதம்தான் ஹெலன், உன்னையும் நான் நீக்க வேண்டும், இத்தனைக்கும் கேக் வெட்டிய நாளில் எல்லோரும் உன் மனவுறுதியைப் பாராட்டினார்கள் என்றேன். கிட்ட நிற்கிறேன் என்கிறாய், ஓம், நிற்கிறேன். கிட்ட நின்றதால்தான் குன்று என் கண்ணில் பட்டது, முஸ்லிம்கள் கூடுதலாக இருக்கிற தெமட்டகொடையில் நோன்பு மாதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதே, அதை எழுதச் சொன்ன டொக்டரும் கிட்ட நின்றவர்தான் என்றேன்.

ஹெலன் திரையில் இருந்த குன்றைத் திரும்பவும் பார்த்தாள். பிறகு, அந்தக் கேள்வியை எழுது என்றாள்.

5

ஒரு கேள்வி கேட்பது என்றால் என்ன லேசான சோலியா? இரண்டு நாட்டிலும் ஆய்வு நெறிக் குழுக்களின் அனுமதி வேண்டும். மூன்று மொழியிலும் கேள்வி வேண்டும். நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றுக்குப் போய்த் தமிழாகித் திரும்பி வந்தது. "தாங்கள் உபவாச தினங்களில் மாத்திரையை உட்கொள்வதைத் தவிர்க்கின்றீர்களா?" இதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மாவிடம் வாசித்தால், ஏதோ வழக்குக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கதவைச் சாத்திவிடுவா.

குளிசை என்று எழுதுங்கள் என்றேன். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிற இடத்தில் எங்களுக்கு மூன்று வேண்டும், சைவக்காரருக்கு விரதம், முஸ்லிம்களுக்கு நோன்பு, கத்தோலிக்கருக்கு ஒருசந்தி, மூன்றையும் போடுங்கள் என்றேன். அதிகாரபூர்வமான தமிழில் ஒன்றுதான் இருக்கிறது என்று பதில் வந்தது. யாருடைய அதிகாரம் என்று திருப்பி எழுதினேன். மூன்றும் வந்தன.

கொழும்பில் அனுமதி ஒரு அரசாங்கக் கந்தோரின் மேசையில் தங்கிப்போனது. விசாரிக்க நானே போன் எடுத்தேன். என் சிங்களம் இத்தனை வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. மறுமுனையில் இளம் குரலாக இருக்கவே, கடைக்காரப் பெடியனிடம் கதைக்கிறதுபோல "மல்லி, மல்லி" என்று தம்பியைக் கூப்பிடுகிற உரிமையோடு ஃபைலைத் தேடச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தேடி எடுத்துவிட்டு, தான்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டிய பணிப்பாளர் என்று சொன்னார். உடனே மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். தன்னைத் தம்பி என்று கூப்பிட்டு வருடக்கணக்கு ஆகிறது, அக்கா எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்றார். அந்தக் கிழமை முடியுமுன் கையெழுத்து வந்தது.

கிளினிக் தாதிமார் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பதில்கள் என் மென்பொருளுக்கு வந்து சேர்ந்தன. ஏழுக்கு ஐந்தில் நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் செவ்வாயும் வெள்ளியும். ஏழுக்கு ஆறில் நின்றவர்கள் வெள்ளி மட்டும். சிலர் உண்மையாகவே மறந்தவர்கள். ஒருத்தி, அந்தக் குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது, அதனால் எறிந்துவிட்டேன் என்று பச்சையாகச் சொல்லியிருந்தா. அவவை மறதிக்காரரோடு சேர்த்து நீக்கினேன். அது நியாயம்.

மச்சாளின் ஒழுங்கை ரீச்சருக்கும் அழைப்புப் போயிருக்கிறது. ரீச்சரே மச்சாளிடம் வந்து சொன்னாவாம். கேட்ட தாதியை நன்றாக ஏசிவிட்டாவாம்.

"இவ்வளவு நாளும் மிச்சக் குளிசையை எண்ணிப் பாத்தனீங்கள்தானே. ஏன் மிச்சம் எண்டு ஒருக்காக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

6

எண்பது வீத விதி எழுதியபடியே நின்றது. அதன்படி வந்த முடிவையும், விரதக்காரரைச் சேர்த்த முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். வாசிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும். காரணம் தெரிந்த பிறகு கிளினிக்குகளை வெட்டவில்லை, வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இரண்டாம் கட்டத்தில் இருக்கின்றன. விரத நாளில் எப்போது சாப்பிட்டாலும் அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிசை போடலாம் என்று ஆய்வு டொக்டர்மார் முடிவெடுத்து, புது அறிவுறுத்தலில் எழுதியாயிற்று. இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

கட்டுரை எழுதுகிறபோது இன்னொரு சண்டை. எங்களோடு சேர்ந்து எழுதிய ஒரு பேராசிரியர், வேறு நகரத்தில் இருப்பவர், ஒருநாளும் கொழும்பைக் கண்டதில்லை. அவர் முடிவுரையில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: கலாசார, சமய நம்பிக்கைகள் இந்தப் பெண்களின் சிகிச்சைக்குத் தடையாக இருந்தன.

அதை அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: பங்குபற்றிய பெண்கள் தமக்குத் தரப்பட்ட அறிவுறுத்தலைச் சரியாகப் பின்பற்றினார்கள்; விரத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை.

அவர் அதை அழித்துத் தன்னுடையதைப் போட்டார். நான் திரும்ப அழித்தேன். மூன்றாம் முறை ஹெலன் என்னைக் கூப்பிட்டாள். பின்னிணைப்பில் போடலாமே, அங்கே விபரமாகவும் எழுதலாம் என்றாள். பின்னிணைப்பை யார் வாசிப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முடியாது, அந்த வாக்கியம் போனால் என் பெயரையும் எடுத்துவிடு, பகுப்பாய்வு செய்தவளின் பெயர் ஏன் இல்லை என்று சஞ்சிகை கேட்டால் காரணத்தை நானே எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

ஒரு வாக்கியத்துக்காகவா என்று கேட்டாள்.

ஓம் என்றேன். அவளிடம் ஆங்கிலத்தில்தான் கதைத்துக்கொண்டிருந்தேன், இது மட்டும் தமிழில் வந்துவிட்டது. விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

பேராசிரியருக்கு அவள் என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. வாக்கியம் நின்றது. கட்டுரை வெளிவந்த அன்று மச்சாளுக்குப் போன் எடுத்து, அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப எங்கட ஆக்களில பிழையில்லை எண்டு எழுதிக் கிடக்கோ?"

"ஓம் மச்சாள்."

"ஆர் எழுதினது? வெள்ளைக்காரரோ?"

"நான்தான் எழுதினனான்."